ஒரே கட்டிடம், ஒரே இணைப்பு: அலுவலகங்களுக்கிடையே இணைய வசதியைப் பகிர்வதும் மறுவிற்பதும்

பிரிட்டனின் நகரங்களில், கீழ்த்தளத்தில் கடைகளும் மேல்தளங்களில் சிறு அலுவலகங்களுமாக அமைந்த கட்டிடங்கள் ஏராளமாக உள்ளன. கணக்காளர்கள், வழக்கறிஞர்கள், பயண முகவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எனப் பலரும் ஒன்றிரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து அங்கு தொழில் நடத்துகின்றனர். இவர்களில் கணிசமானோர் இணைய இணைப்பைத் தாமாகச் சென்று வாங்குவதில்லை. கட்டிட உரிமையாளரோ, முதலில் குடிவந்த நிறுவனமோ ஏற்கனவே பெற்றுள்ள இணைப்பிலிருந்து ஒரு கேபிள் அவர்களது அறைக்கு இழுக்கப்படுகிறது. அதற்கான தொகை வாடகையுடன் சேர்த்தோ, தனியாகவோ மாதந்தோறும் வசூலிக்கப்படுகிறது.

எல்லாம் ஒழுங்காக இயங்கும்வரை இந்த ஏற்பாடு பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. ஆனால் இணைப்பு மூன்று நாட்கள் அறுந்து போனால் யாரிடம் முறையிடுவது? பக்கத்து அறையில் ஒருவர் செய்த குற்றத்துக்காகக் காவல்துறையினர் யாருடைய கதவைத் தட்டுவார்கள்? கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் கட்டணத்தைக் கட்டத் தவறினால், தமது பங்கைத் தவறாமல் கொடுத்துவந்த மற்றவர்களின் நிலை என்ன? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் தொழில்நுட்பத்தை விட ஒப்பந்தங்களிலும் சட்டத்திலுமே பெரும்பாலும் உள்ளன.

பகிர்வு எப்படித் தொடங்கியது?

தொலைபேசிக் கம்பி வழியான பிராட்பேண்ட் சேவையை பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2000-ம் ஆண்டில் அறிமுகப்படுத்தியபோது, அதன் வேகம் விநாடிக்கு அரை மெகாபிட் என்ற அளவிலேயே இருந்தது. அதிலும் ஒரே கொள்ளளவை வீட்டு இணைப்புகளில் அதிகபட்சம் 50 சந்தாதாரர்களும், வணிக இணைப்புகளில் 20 சந்தாதாரர்களும் பகிர்ந்துகொள்ளும் வகையில் சேவை வடிவமைக்கப்பட்டிருந்தது. இதற்கு மாற்றாக இருந்தது, லீஸ்டு லைன் எனப்படும் தனிக்குத்தகை இணைப்பு. வேறு எவருடனும் பகிரப்படாத, அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் ஒன்றாகவே உள்ள இந்த இணைப்புக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டுகள் செலவாயிற்று. மூன்று பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தால் அதனைத் தனியாகத் தாங்க முடியாது. ஆனால் பத்து அலுவலகங்கள் சேர்ந்தால் முடியும்.

இந்தக் கணக்கு இன்றும் மாறிவிடவில்லை. எடுத்துக்காட்டாக, விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள தனிக்குத்தகை இணைப்பு ஒன்றுக்கு மாதம் 360 பவுண்டுகள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 அலுவலகங்கள் அதனைப் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் 30 பவுண்டுகள்தான். சாதாரண வணிக பிராட்பேண்டுக்கு ஆகக்கூடிய தொகைக்கு, பழுது ஏற்பட்டால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும் என்ற உறுதியுடன் கூடிய இணைப்பு கிடைத்துவிடுகிறது. கண்ணாடி இழை இணைப்புகள் பரவலாகி, விலை குறைந்துவிட்ட நிலையிலும், பழைய கட்டிடங்களில் ஒவ்வொரு வாடகைதாரரும் தனித்தனியே கண்ணாடி இழையைக் கொண்டுவருவதற்கு உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவைப்படுகிறது. அந்த அனுமதிக்கான ஒப்பந்தம் முடிவாகவே சில சமயம் மாதக்கணக்காகிறது. ஆகவே பகிர்வு என்பது சிக்கனம் கருதியது மட்டுமல்ல. பல இடங்களில் அதுவே கைக்கு எட்டும் ஒரே வழியாகவும் இருக்கிறது.

மூன்று வகை ஏற்பாடுகள்

வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், நடைமுறையில் மூன்று வகையான ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, வாடகைதாரர்களில் ஒருவர் தமது பெயரில் இணைப்பைப் பெற்று, செலவை மற்றவர்களுடன் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது. இதில் லாபம் எவருக்கும் இல்லை. இரண்டாவது, கட்டிட உரிமையாளரே இணைப்பைப் பெற்று, மின்விளக்கு, துப்புரவு போன்ற பொது வசதிகளுடன் அதனையும் சேர்த்து வாடகைக்குள் அடக்கிவிடுவது. மேசை, நாற்காலி முதல் இணையம் வரை அனைத்தும் ஒரே கட்டணத்தில் அளிக்கும் பகிர்வு அலுவலகங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, இணையத்துக்கென்று தனி விலை நிர்ணயித்து, வேகத்துக்கு ஏற்றவாறு வாடகைதாரர்களுக்கு விற்பது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 360 பவுண்டுகளுக்கு வாங்கிய இணைப்பை, 12 பேருக்குத் தலா 60 பவுண்டுகள் வீதம் விற்றால் உரிமையாளருக்கு 720 பவுண்டுகள் கிடைக்கும். மறுவிற்பனை என்ற சொல் சரியாகப் பொருந்துவது இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

எந்த வகையாயினும், இணைப்பை வழங்கும் நிறுவனம் அதனை அனுமதிக்கிறதா என்பதே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தங்களிலும், மலிவான வணிக பிராட்பேண்ட் ஒப்பந்தங்களிலும், சேவையை வேறு ஒருவருக்கு விற்கவோ, சந்தாதாரரின் இடத்துக்கு வெளியே பயன்படுத்த அனுமதிக்கவோ கூடாது என்ற விதி பொதுவாக இடம்பெறுகிறது. பலர் ஒரே இணைப்பைப் பகிர்வார்கள் என்று எதிர்பார்க்காமல் விலை நிர்ணயிக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். தனிக்குத்தகை இணைப்புகளில் நிலைமை வேறு. முழுக் கொள்ளளவுக்கும் விலை கொடுக்கப்பட்டுவிடுவதால், மறுவிற்பனைக்குப் பல நிறுவனங்கள் இசைகின்றன. ஆனாலும் அந்த இசைவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தடை இருந்தும் மீறினால், நிறுவனம் முன்னறிவிப்புடன் இணைப்பைத் துண்டிக்க முடியும். அப்போது பாதிக்கப்படுவது ஒப்பந்தத்தை ஒருபோதும் கண்ணால் கண்டிராத வாடகைதாரர்கள்தான்.

பிரிட்டிஷ் சட்டம் கூறுவது என்ன?

1984-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்பு அமைப்பு ஒன்றை நடத்துவதற்கு உரிமம் தேவைப்பட்டது. 2003-ம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் அந்த உரிம முறையை நீக்கி, பொது அங்கீகாரம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன்படி, மின்னணுத் தகவல் தொடர்புச் சேவையை வழங்க விரும்பும் எவரும் தனியாக உரிமம் பெறத் தேவையில்லை. ஆனால் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்துள்ள பொது நிபந்தனைகளில் தமக்குப் பொருந்துபவற்றுக்கு அவர்கள் கட்டுப்பட்டாக வேண்டும். ஆஃப்காமுக்கான நிர்வாகக் கட்டணமும் ஐம்பது லட்சம் பவுண்டுகளும் அதற்கு மேலும் உரிய வருவாய் ஈட்டும் நிறுவனங்களுக்கே பொருந்துகிறது. ஆகவே ஒரு கட்டிட உரிமையாளர் தமது வாடகைதாரர்களுக்கு இணையத்தை மறுவிற்பது, பிரிட்டனில் அதனளவில் சட்டவிரோதமானதல்ல.

ஆனால் சட்டவிரோதம் அல்ல என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பொது நிபந்தனைகளில் பல, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சேவைகளுக்கே பொருந்துபவை. ஒரு கட்டிடத்துக்குள் மட்டும் வழங்கப்படும் சேவை அந்த வரையறைக்குள் வருமா என்பது, அது யாருக்கு, எந்த முறையில் அளிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வருமானால், ஒப்பந்தத் தகவல்களை முன்கூட்டியே தருவது, புகார்களை விசாரிப்பதற்கு நடைமுறை வைத்திருப்பது, ஆஃப்காம் அங்கீகரித்துள்ள தகராறு தீர்ப்புத் திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருப்பது போன்ற கடமைகள் எழக்கூடும். பத்துப் பேர் வரை வேலை செய்யும் சிறு நிறுவனங்களும் இத்தகைய திட்டங்களை இலவசமாக அணுகலாம் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்த நிறுவனத்துக்கும் சேவை வழங்குபவருக்கும் நேரடி ஒப்பந்தம் இருக்க வேண்டும். உரிமையாளரிடமிருந்து இணைப்பைப் பெறும் வாடகைதாரர், மூல நிறுவனத்தின் மீது புகார் கொடுக்க முடியாது. உரிமையாளர் எந்தத் திட்டத்திலும் சேராதவராக இருந்தால், எஞ்சுவது நீதிமன்றம் மட்டுமே.

அனுமதியின்றி இணைப்பை எடுத்துக்கொள்வது வேறு விடயம். கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்துடன் நேர்மையற்ற முறையில் மின்னணுத் தகவல் தொடர்புச் சேவையைப் பெறுவது, 2003-ம் ஆண்டுச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி குற்றம். அதிகபட்ச தண்டனை ஐந்து ஆண்டுகள் சிறை. 2005 ஜூலையில், மேற்கு லண்டனில் ஒரு குடியிருப்பாளரின் வைஃபை இணைப்பைத் தெருவில் நின்றவாறு பயன்படுத்திய ஒருவர் ஐல்வர்த் கிரவுன் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு, அவருக்கு 500 பவுண்டுகள் அபராதமும் 12 மாத நிபந்தனை விடுவிப்பும் விதிக்கப்பட்டன. அலுவலகக் கட்டிடத்தில், பங்குத் தொகையைக் கட்டாமல் பக்கத்து அறையின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு இணையத்தைப் பயன்படுத்துபவரும் இதே பிரிவின் எல்லைக்குள் வரக்கூடும்.

தவறு ஒருவருடையது, முகவரி இன்னொருவருடையது

இணையத்தில் ஒரு கணினி செய்வதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது, அந்த இணைப்பின் ஐபி முகவரிதான். பகிரப்படும் இணைப்பில், உள்ளே எத்தனை அலுவலகங்கள் இருந்தாலும், வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே முகவரியாகும். பழைய நான்காம் பதிப்பு ஐபி முகவரிகளின் உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரியிலும், ஐரோப்பாவுக்கான கையிருப்பு 2019 நவம்பரிலும் தீர்ந்துவிட்டதால், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி முகவரி கொடுப்பது முன்னைவிடச் செலவு மிகுந்ததாகிவிட்டது. எனவே யாரோ ஒருவர் பதிப்புரிமை மீறிய திரைப்படத்தைத் தரவிறக்கினாலும், மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினாலும், விசாரணை வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருடைய வாசலில்தான்.

இதன் விபரீதம் இந்தியாவில் கண்கூடாகத் தெரிந்தது. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சற்று முன்னர் ஊடகங்களுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வைஃபை இணைப்பு வழியாகச் சென்றிருந்தது. அவருக்கும் அந்தத் தாக்குதலுக்கும் தொடர்பில்லை என்றபோதிலும், அவர் நீண்ட விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். அதனைத் தொடர்ந்து, 2009-ல், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைப்பது தொடர்பாக இந்தியத் தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தல்களை வெளியிட்டது.

இணைப்பின் உரிமையாளர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்பதில் ஜெர்மனியின் அனுபவம் கவனத்துக்குரியது. முறையாகப் பாதுகாக்கப்படாத வைஃபை வழியாக மூன்றாம் நபர் ஒருவர் பதிப்புரிமையை மீறினால், இணைப்பின் உரிமையாளரிடம் நட்டஈடு கோர முடியாது என்றாலும், தடையுத்தரவும் எச்சரிக்கைக் கடிதத்துக்கான செலவும் அவர் மீது விழும் என்று 2010 மே மாதம் ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மியூனிக் அருகே ஒலி, ஒளிக் கருவிகள் வணிகம் செய்த ஒருவர் தொடர்பான வழக்கில், 2016 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இணைப்பை அளித்தவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பல்ல என்றும், ஆனால் கடவுச்சொல் வைக்குமாறும், பயனாளர்கள் தம்மை அடையாளம் காட்டிய பிறகே அதனைத் தருமாறும் அவருக்கு உத்தரவிட முடியும் என்றும் கூறியது. 2017-ல் ஜெர்மனி தனது சட்டத்தைத் திருத்தி, எச்சரிக்கைக் கடிதச் செலவு பற்றிய அச்சத்தைப் பெருமளவு நீக்கியது.

பிரிட்டனில், தகவலை வெறுமனே கடத்துபவர் அதன் உள்ளடக்கத்துக்காக நட்டஈட்டுப் பொறுப்புக்கு ஆளாகமாட்டார் என்ற பாதுகாப்பு 2002-ம் ஆண்டின் மின்வணிக ஒழுங்குவிதிகளில் உள்ளது. ஐபி முகவரி ஒன்றைக் கொண்டு சந்தாதாரரைக் கண்டறிவது, தவறு செய்தவரைக் கண்டறிவதாக ஆகிவிடாது என்ற சிக்கலை 2011-ல் லண்டன் காப்புரிமை கவுண்டி நீதிமன்றம் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. ஆனாலும் நீதிமன்றத்தில் வெல்வது ஒன்று, விசாரணைக்காகக் கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டு தொழில் முடங்குவது இன்னொன்று. எந்த நேரத்தில் எந்த அறையிலிருந்து தொடர்பு சென்றது என்ற பதிவு இருக்குமானால், குற்றமற்றவர்கள் விரைவில் விடுபட முடியும்.

அதேவேளை, பதிவு வைப்பது வேறு, உளவு பார்ப்பது வேறு. தொடர்பின் நேரத்தையும் அறையையும் குறித்து வைப்பதற்கே தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் வரம்பு விதிக்கின்றன. என்ன நோக்கத்துக்காக, எவ்வளவு காலம் அவை வைக்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தொடர்பின் உள்ளடக்கத்தை அதிகாரமின்றி இடைமறிப்பது 2016-ம் ஆண்டின் விசாரணை அதிகாரங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். தனியார் வலையமைப்பைக் கட்டுப்படுத்தும் உரிமை உள்ளவருக்கு குற்ற வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் உரிய அதிகாரமின்றி இடைமறித்தால் பாதிக்கப்பட்டவர் அவர் மீது உரிமையியல் வழக்குத் தொடர முடியும். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட வழக்கறிஞர், வீட்டுக்காரரின் கருவி வழியாகத் தமது கடிதங்களை அனுப்பும்போது இதனை நினைவில் கொள்வது நல்லது.

கேபிளுக்குள் நடப்பது

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, பகிர்வில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன. ஒன்று, ஓர் அலுவலகத்தை இன்னொன்றிடமிருந்து பிரித்து வைப்பது. மற்றொன்று, கொள்ளளவை நியாயமாகப் பங்கிடுவது.

சாதாரண ரவுட்டர் ஒன்றிலிருந்து பத்து அறைகளுக்குக் கேபிள் இழுத்துவிட்டால், அந்தப் பத்து அலுவலகங்களும் ஒரே வலையமைப்பில் அமர்ந்துவிடுகின்றன. கணக்காளரின் அச்சுப்பொறி பயண முகவரின் திரையில் தெரியும். பூட்டப்படாத கோப்புறையைப் பக்கத்து அறையில் இருப்பவர் திறந்து பார்க்க முடியும். ஒரு கணினியில் புகுந்த வைரஸ் மற்றவற்றுக்கும் தாவ வழி ஏற்படும். இதற்கான தீர்வு புதியதல்ல. ஒரே சுவிட்சுக்குள் ஒன்றையொன்று காண முடியாத பல வலையமைப்புகளை உருவாக்கும் வி-லேன் முறைக்கான தரம் 1998-லேயே வெளியிடப்பட்டுவிட்டது. அதற்கு வசதியுள்ள சுவிட்ச் தேவை. அதனை அமைக்கத் தெரிந்தவரும் தேவை. அப்படி அமைக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு வாடகைதாரரும் தமது அறையின் நுழைவாயிலில் தமக்கென்று ஒரு ஃபயர்வாலை வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. கட்டிடத்தின் வலையமைப்பை, தெருவைப் போன்ற ஒரு பொது இடமாகவே கருத வேண்டும். அரசின் ஆதரவுடன் 2014 முதல் நடைமுறையில் உள்ள சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழைப் பெற விரும்புபவர்களுக்கும், கடன் அட்டைகள் மூலம் பணம் பெறுபவர்களுக்கும் இத்தகைய தடுப்பு கட்டாயத் தேவையாகிறது.

அடுத்தது கொள்ளளவு. 100 மெகாபிட் இணைப்பை 12 அலுவலகங்கள் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 8 மெகாபிட் கிடைக்கும். எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்துவது அரிது என்பதால் வழக்கமாக இது போதுமானது. சிக்கல் தருவது தனியொருவரின் பெரும் பசிதான். ஓர் அலுவலகம் 50 கிகாபைட் கோப்புகளை வெளியிடத்தில் உள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கினால், தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், முழுக் கொள்ளளவையும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கிவிடும். அந்த நேரத்தில் மற்றவர்களின் தொலைபேசி உரையாடல்கள் துண்டு துண்டாகும். எனவே ஒவ்வோர் அலுவலகத்துக்கும் உத்தரவாதமான குறைந்தபட்ச வேகம் ஒன்றும், மிகுதி இருக்கும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் ஒன்றும் ரவுட்டரில் வரையறுக்கப்பட வேண்டும். மறுவிற்பனை செய்பவர் 100 மெகாபிட் தருகிறேன் என்று கூறும்போது, கேட்க வேண்டியது எத்தனை பேருக்கு என்பதும், குறைந்தபட்சம் எவ்வளவு என்பதும்தான்.

ஒரே முகவரியைப் பகிர்வதால் எழும் இன்னொரு தொல்லை மின்னஞ்சலில் வெளிப்படுகிறது. ஓர் அறையில் உள்ள கணினி, அதன் உரிமையாளருக்கே தெரியாமல் குப்பை அஞ்சல்களை அனுப்பத் தொடங்கினால், அந்த முகவரி உலகெங்கும் பயன்படுத்தப்படும் கறுப்புப் பட்டியல்களில் சேர்க்கப்படும். கட்டிடத்துக்குள்ளேயே தமது மின்னஞ்சல் சர்வரை வைத்திருக்கும் அண்டை அலுவலகத்தின் நேர்மையான கடிதங்களும் அதன் பிறகு திருப்பி அனுப்பப்படும்.

தொலைபேசியும் இதே கம்பியில்

முன்னர் இணையம் அறுந்தாலும் தொலைபேசி வேலை செய்தது. பிரிட்டனில் அந்த நிலை முடிவுக்கு வருகிறது. செம்புக் கம்பி வழியான பழைய பொதுத் தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் நிறுத்த முதலில் திட்டமிடப்பட்டது. பின்னர், 2024-ல், அந்தக் கெடு 2027 ஜனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது. இணையம் வழியான தொலைபேசிக்கு மாறிய அலுவலகத்தில், பகிரப்படும் இணைப்பு அறுந்தால் 999 என்ற அவசர எண்ணுக்கான அழைப்பும் அறுந்துவிடும். பழைய தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்த திருட்டு அபாய மணியும், மின்தூக்கியில் உள்ள அவசர அழைப்புக் கருவியும் இந்த மாற்றத்துக்கு உட்பட்டவையே. ரவுட்டரும் சுவிட்சும் இருக்கும் அலமாரிக்கு மின்தடையின்போது மின்கலன் ஆதரவு உண்டா, அந்த அலமாரியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பன இப்போது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த கேள்விகளாகிவிட்டன.

தொலைபேசி எண் யாருடையது என்பதும் முக்கியமானது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை, சேவை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கே உண்டு. உரிமையாளரின் கணக்கில் எண்ணைப் பெற்ற வாடகைதாரர், பத்து ஆண்டுகள் அந்த எண்ணைத் தமது விளம்பரங்களில் அச்சிட்டிருந்தாலும், இடம் மாறும்போது அதனை விட்டுச் செல்ல நேரிடலாம்.

விலைக்கு வரம்பு உண்டா?

பிரிட்டனில் வீட்டு உபயோகத்துக்கான மின்சாரத்தையும் எரிவாயுவையும் வீட்டுக்காரர் தமது குடியிருப்பாளருக்கு மறுவிற்கும்போது, தாம் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்ற உச்ச வரம்பு உள்ளது. அலுவலகங்களுக்கு மறுவிற்கப்படும் இணையத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது. 30 பவுண்டுகள் அடக்கமுள்ள பங்கை 60-க்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இணைப்பைப் பராமரிப்பவருக்கு உழைப்பும் இடரும் உண்டு என்பதால் ஓரளவு லாபம் நியாயமானதே. வேறு நிறுவனத்தைக் கட்டிடத்துக்குள் அனுமதிக்க உரிமையாளர் மறுக்கும்போதுதான் அது ஏகபோகமாக மாறுகிறது. மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்துள்ள உரிமையாளர், இணையத்துக்கென்று தனியாக வாங்கும் கட்டணத்தின் மீது 20 சதவீத வரியையும் சேர்த்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் குறிப்பிடும் தொகை வரியை உள்ளடக்கியதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

பிற நாடுகளில்

அமெரிக்கா இந்த ஏகபோகப் பிரச்சனையை நேரடியாகவே அணுகியது. வணிகக் கட்டிடங்களில் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மட்டும் இடமளிக்கும் தனியுரிமை ஒப்பந்தங்களை, அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2000-ம் ஆண்டில் தடை செய்தது. ஆனால் கட்டிட உரிமையாளருடன் வருவாயைப் பங்கிடுவதன் மூலம் நிறுவனங்கள் அதே பலனை அடைந்துவந்தன. 2022 பிப்ரவரியில், சில வகையான வருவாய்ப் பங்கீட்டு ஒப்பந்தங்களையும் ஆணையம் தடை செய்தது.

சிங்கப்பூரில் சொந்தக் கட்டமைப்பு இல்லாமல், பிறரிடம் பெற்ற தொலைத்தொடர்புச் சேவையை மூன்றாம் நபருக்கு மறுவிற்பவர்களுக்கென்று சேவை சார்ந்த உரிமம் என்ற தனி வகை உள்ளது. பிரிட்டனில் உரிமையாளர் ஒருவர் எதுவும் பதியாமல் செய்யும் அதே காரியத்தை, அங்கு உரிம விதிகளைப் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும்.

இந்தியாவில் நீண்ட காலமாக, உரிமம் பெற்ற நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் இணையத்தைப் பொதுமக்களுக்கு விற்க முடியாது என்ற நிலையே இருந்தது. இதில் ஒரு கதவைத் திறந்தது, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம். அதன்படி தேநீர்க் கடை, மளிகைக் கடை நடத்துபவர்களும் உரிமமோ பதிவோ இன்றி வைஃபை வசதியைச் சிறு தொகைக்கு விற்கலாம். பயனாளரை அடையாளம் காணும் பொறுப்பு, பதிவு செய்துள்ள பிற நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளது. ஆனால் இத்தகைய கடைக்காரர்களிடம் விலையுயர்ந்த தனிக்குத்தகை இணைப்புகளை வாங்குமாறு நிறுவனங்கள் வற்புறுத்தியதால் திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. இதனையடுத்து, விநாடிக்கு 200 மெகாபிட் வரையிலான சாதாரண கண்ணாடி இழை இணைப்புகளை, வீட்டுச் சந்தாதாரர்களுக்கான கட்டணத்தின் இரு மடங்குக்கு மிகாமல் இவர்களுக்கு வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் உத்தரவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் லண்டன் அலுவலகங்களைப் பகிர்வுக்குத் தள்ளிய அதே விலை இடைவெளியே இங்கும் மையப் பிரச்சனையாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

புலம்பெயர்ந்து வந்து சிறு தொழில் தொடங்குபவர்களிடையே இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே முடிவாகின்றன. ஒரே ஊர்க்காரர், உறவினர், நண்பர் என்ற நம்பிக்கையே அங்கு ஒப்பந்தமாக நிற்கிறது. அந்த நம்பிக்கை குறைவானதல்ல. ஆனால் கணக்கு வைத்திருப்பவரின் நிறுவனம் நொடித்துப் போனால், இணைப்பைத் துண்டிக்கும் நிறுவனத்துக்கு அந்த உறவு தெரியாது. மூன்றாண்டு கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கும் இதே ஆபத்து மறுபக்கத்திலிருந்து வரும். பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனாலும், மீதமுள்ள மாதங்களுக்கான முழுத் தொகையையும் அவரே கட்டியாக வேண்டும்.

எனவே இரண்டு பக்கத் தாள் ஒன்றிலாவது சில விடயங்கள் எழுதப்பட வேண்டும். மூல நிறுவனம் பகிர்வை அனுமதித்துள்ளது என்பதற்கான சான்று, ஒவ்வொருவருக்கும் உரிய குறைந்தபட்ச வேகம், கட்டணமும் அது உயரும் முறையும், பழுதை யார் எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிப்பார் என்பது, எந்தப் பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பது, தொலைபேசி எண்ணின் உரிமை, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கணக்கு வைத்திருப்பவர் கட்டணத்தைச் செலுத்தத் தவறினால், மற்றவர்கள் நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்தி இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் தொடக்கத்திலேயே நிறுவனத்திடம் கேட்டு வைக்க வேண்டும். இவற்றுடன், கைபேசி வலையமைப்பு வழியான ஒரு சிறு மாற்று இணைப்பை ஒவ்வோர் அலுவலகமும் கைவசம் வைத்திருந்தால், கட்டிடத்தின் ஒரே கம்பி அறுந்த நாளிலும் அவசர அழைப்புக்கும் அன்றைய வேலைக்கும் ஒரு வழி மிச்சமிருக்கும்.

இணையம் ஆடம்பர வசதியாக இருந்த காலத்தில் தோன்றிய பகிர்வு முறை, அது மின்சாரத்தையும் தண்ணீரையும் போன்ற தேவையாகிவிட்ட காலத்திலும் தொடர்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இடமளிக்கும் கவனத்தை, சிறு தொழில் நடத்துபவர்கள் இந்த மூன்றாவது தேவைக்கும் அளித்தாக வேண்டிய நிலையில் உள்ளனர்.